நிற்கிற குதிரை

அத்தியாயம் 14

அக்காவின் செல்போனில் தம்பி செய்த புது வெப்சைட் திறப்பதற்குள் அவள் ஒரு குதிரையின் நாலு குளம்பையும் சுரண்டிச் சுத்தம் பண்ணி முடித்துவிட்டாள்.

"இன்னும் சுத்திக்கிட்டே இருக்குடா," என்று தம்பியிடம் போனை நீட்டினாள். திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரு சின்ன வட்டம் சுழன்றுகொண்டிருந்தது.

லாயத்துக்குள் சிக்னல் சரியில்லை என்றான் தம்பி. சேணங்கள் மாட்டி வைத்திருக்கும் அறையில், கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்து, தீவனப் பெட்டியின் மேல் லேப்டாப்பை வைத்திருந்தான். வெளியே மரத்தடியில் நின்று பார்க்கச் சொன்னான்.

போனாள். வட்டம் நின்றது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு குதிரை மெல்ல, ரொம்ப மெல்ல, ஓடி வந்தது. பிடரி மயிர் இழை இழையாக அலைந்தது. யாரோ வயலின் வாசித்தார்கள். குதிரை பாதி தூரம் வந்ததும் 'காற்றோடு ஒரு பயணம்' என்று தங்க எழுத்து வந்து விழுந்தது. அவ்வளவுதான். எங்கே தொட்டாலும் குதிரை மறுபடி முதலிலிருந்து ஓடி வந்தது.

அக்கா திரும்பி வந்தாள். "இது குதிரையேற்றம் கத்துக்கொடுக்கிற இடமா, சென்ட் விளம்பரமா?"

தம்பிக்குச் சுருக்கென்றது. ஆபீஸில் பெரிய பெரிய கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்கிறவன் அவன். அக்காவுக்காக நாலு நாள் லீவு போட்டு வந்திருந்தான். இன்று நாலாவது நாள்.

புதிதாகச் சேர்ந்துகொள்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வந்துவிடுகிறேன். குதிரைப் போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற அப்பா ஆரம்பித்த பயிற்சிப் பள்ளி இது. பிறகு மகளும், அதாவது அக்காவும், மாப்பிள்ளையும் சேர்ந்து நடத்தினார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் இருவரும் பிரிந்தார்கள். மாப்பிள்ளை தன் ஐந்து குதிரைகளை ஓட்டிக்கொண்டு போய், அதே சாலையில் நாலு கிலோமீட்டர் தள்ளித் தனியாக ஒரு லாயம் போட்டுவிட்டார். கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் அவரோடு போனார்கள். மீதி இருப்பது ஆறு குதிரை, அக்கா, அப்பா, அவ்வளவுதான். அதிலும் இரண்டு மாதமாக ஒரு வினோதம். 'வந்து பார்க்கிறோம்' என்று போனில் சொல்கிறவர்கள் வருவதே இல்லை.

இந்த நேரத்தில்தான் ஒரு பள்ளிக்கூடம் தன் பிள்ளைகளை வாரம் இரண்டு நாள் குதிரையேற்றத்துக்கு அனுப்ப முன்வந்தது. இன்று நாலு மணிக்கு அவர்கள் குழு கூடுகிறது. இரண்டு லாயங்களின் வெப்சைட்டையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள் என்று உடற்கல்வி டீச்சர் அக்காவிடம் சொல்லியிருந்தார். இது கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் இரண்டு குதிரைகளை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான். எந்த இரண்டு என்பதை அக்கா இன்னும் வாயால் சொல்லவில்லை.

அப்பா உள்ளே வந்தார். கையில் கத்தையாகக் காகிதம்.

"முகப்புல போடறதுக்கு எழுதியிருக்கேன்," என்றார்.

பதினெட்டுப் பக்கம். தம்பி புரட்டிப் பார்த்தான். உலகத்தில் குதிரை எப்படித் தோன்றியது என்பதிலிருந்து ஆரம்பித்திருந்தார். நம் லாயம் பதினோராம் பக்கத்தில்தான் தலைகாட்டியது. சுருக்கிக்கொள்ளலாமா என்று தம்பி பவ்யமாகக் கேட்டான். ஏற்கெனவே சுருக்கியதுதான் என்றார் அப்பா.

படத்திலும் இதே கதைதான். ஆறு வருடத்துக்கு முன் ஒரு போட்டோகிராபர் எடுத்த படங்கள்தான் நல்ல படங்கள். அவை எல்லாவற்றிலும் மாப்பிள்ளை இருந்தார். அதில் ஒன்றை, தடையைத் தாண்டும் குதிரையை, தம்பி ராத்திரி உட்கார்ந்து வெட்டி வைத்திருந்தான். மாமாவின் முகம், தோள் எல்லாம் போய், ஒரு கையும் ஒரு காலும் மட்டும் மிச்சம்.

அக்கா குனிந்து பார்த்தாள். "அந்த பூட்ஸ் நான் வாங்கிக் கொடுத்தது."

"யாருக்குக்கா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

வெட்டியது தப்பு என்று அப்பாவும் சொன்னார். ஆனால் அவர் காரணம் வேறு. சவாரி செய்கிறவனின் முதுகு தெரிந்தால்தான் தாண்டுதலின் அழகு தெரியும். மாப்பிள்ளையைப் பார்க்காதே, குதிரையைப் பார், படத்தை முழுசாகப் போடு என்றார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். இப்படி ஒரு மனுஷரோடு எப்படித்தான் எட்டு மாதம் ஒரே வீட்டில் தாக்குப்பிடித்தோம் என்ற பார்வை.

அப்போதுதான் போன் அடித்தது.

நேற்று பேசிய பல் டாக்டர். எட்டு வயது மகளைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டவர். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வாசலில் பத்து நிமிஷமாக நிற்கிறேன், கேட் பூட்டியிருக்கிறது, கூப்பிட்டால் யாரும் வரவில்லை என்றார். அக்கா போனைக் காதில் வைத்தபடியே கேட்டுக்கு ஓடினாள். கேட் திறந்துதான் கிடந்தது. சாலையில் ஒரு காரும் இல்லை.

"எந்த கேட்டுங்க?"

"பச்சை கேட்."

பச்சை கேட் யாருடையது என்று அந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரியும்.  அக்கா நிதானமாக வழி சொன்னாள். வந்த வழியே திரும்புங்க, பெட்ரோல் பங்க் தாண்டி இடது பக்கம். மேப் இங்கேதானே காட்டியது என்று டாக்டர் எரிச்சலோடு கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

பழைய வெப்சைட்டைத் தம்பி இந்த நாலு நாளில் சரியாகத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இடிக்கப்போகிற வீட்டை யார் சுற்றிப் பார்ப்பார்கள்? இப்போது திறந்தான். அதே மங்கிய படம், அதே போன் நம்பர். கீழே மேப்பில் சிவப்புப் புள்ளி மட்டும் நாலு கிலோமீட்டர் நகர்ந்திருந்தது. கடைசியாக மாற்றிய தேதியைத் தேடிப் பார்த்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால்.

அக்கா வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

வருகிறேன் என்று சொன்ன ஒவ்வொருவரும் அவளுக்கு நினைவுக்கு வந்தார்கள். இரட்டைப் பிள்ளைகளின் அப்பா. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், சின்ன வயதிலிருந்தே ஆசை என்றவர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை குதிரையேறிவிட வேண்டும் என்ற ஒரு பெண். ஒவ்வொருவருக்காகவும் அவள் சட்டையை மாற்றிக்கொண்டு கேட்டருகே போய் நின்றிருக்கிறாள். பிரிந்த கதை காதில் விழுந்து, வேண்டாம் என்று நினைத்துவிட்டார்களோ என்று தோன்றும். போன மாதத்திலிருந்து சட்டை மாற்றுவதையே நிறுத்திவிட்டாள்.

"மாமாவா இப்படிப் பண்ணுவார்?" என்றான் தம்பி. அவனால் நம்ப முடியவில்லை.

அப்பா தன் பதினெட்டுப் பக்கத்தையும் தட்டிச் சரிசெய்துகொண்டார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

தம்பி மேப்பை மாற்றப் போனான். அக்கா நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த பாஸ்வேர்டைப் போட்டான். தப்பு என்றது. இரண்டாவது தடவையும் தப்பு என்றது. புதிய பாஸ்வேர்டு வேண்டுமானால் இன்ன நம்பருக்கு ஆறு இலக்கம் அனுப்புகிறோம் என்று கடைசி இரண்டு எண்ணை மட்டும் காட்டியது. அக்காவுக்கு அந்த இரண்டு எண் போதும். பத்து வருடம் அவள் தினமும் கூப்பிட்ட நம்பர்.

புதுப் பக்கத்தை வேறு முகவரியில் போடலாம். ஆனால் பள்ளிக்கூடத்துக் குழுவிடம் பழைய முகவரிதான் இருக்கிறது. பெயர்ப்பலகையில் இருப்பதும் அதுதான்.

"இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டாமா நீ?" என்றாள் அக்கா.

பார்த்திருக்க வேண்டும்.

டாக்டர் பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தார். காரிலிருந்து இறங்கும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது. மகள் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி லாயத்தைப் பார்த்தாள். அக்கா மன்னிப்புக் கேட்டாள். டாக்டர் அதைக் காதில் வாங்காமல் கேள்விகளை அடுக்க ஆரம்பித்தார். ஹெல்மெட் நீங்களே தருவீர்களா, நாங்கள் வாங்க வேண்டுமா? பக்கத்தில் ஆள் நடந்து வருவார்களா? விழுந்தால் என்ன செய்வீர்கள்? மழை வந்தால் வகுப்பு உண்டா? நான் உட்கார்ந்து பார்க்க இடம் இருக்கிறதா? பாத்ரூம் எங்கே?

எல்லாவற்றுக்கும் அக்காவிடம் பதில் இருந்தது. இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில்கள். தம்பி மட்டும் அறை வாசலில் நின்று, இதில் ஒன்றுகூடத் தன் பக்கத்தில் இல்லையே என்று யோசித்தான்.

அவன் மெதுவாக முன்னால் வந்தான். நாங்கள் புதிதாக ஒரு வெப்சைட் செய்துகொண்டிருக்கிறோம், கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா என்று டாக்டரிடம் லேப்டாப்பைக் காட்டினான். ஓடி வந்த குதிரையை டாக்டர் பாதிவரைக்கும் பொறுமையாகப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு," என்றார். "ஆனா இதைப் பார்த்திருந்தா நான் என் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்திருக்க மாட்டேன். எனக்குப் பறக்கிற குதிரை வேண்டாம் தம்பி. நிக்கிற குதிரை வேணும்."

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் தம்பியின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த மட்டுக்கும் அவன் தப்பித்தான்.

லாயத்திலிருந்து மிளகைக் கூட்டி வந்தாள். பத்தொன்பது வயதுக் கறுப்புப் பெண் குதிரை. எந்தச் சத்தத்துக்கும் மிரளாது. அக்கா சிறுமியின் உள்ளங்கையை விரித்து மிளகின் மூக்கருகே வைத்தாள். மிளகு மோந்து பார்த்து மூச்சு விட்டது. சூடாக இருக்கிறது என்று சிறுமி அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னாள். கால் மணி நேரம் கழித்து அவள் சேணத்தின் மேல் இருந்தாள். இரண்டு சுற்றுக்குப் பிறகு அவள் கை முன்பக்கப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது. டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தார்.

தம்பி செல்போனில் ஒரு படம் எடுத்தான். மிளகு நின்றுகொண்டிருக்கிறது. மேலே சிறுமி, முதுகுதான் தெரிகிறது. பக்கத்தில் அக்கா, முழங்கால் வரை சேறு, முடி எப்படியோ கிடக்கிறது, ஒரு கை கயிற்றிலும் ஒரு கை சிறுமியின் காலிலும். போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேட்டான். முகம் தெரியவில்லை என்றால் சரி என்றார் அவர். வரும் வாரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்காவிடம் கேட்டபோது இந்தக் கோலத்தோடு உலகமே பார்க்கப் போகிறதா என்றாள். அப்பா அதைவிட மேலே போனார்.

"மிளகு பின்னங்காலைச் சாய்ச்சு வச்சிருக்கு. காது ரெண்டும் ரெண்டு பக்கம் தொங்குது. நம்ம குதிரை இப்படியா நிக்கும்? பார்க்கறவன் தூங்குதுன்னு நினைப்பான்."

"அதுதான்பா வேணும்," என்றான் தம்பி.

வீடியோவைத் தூக்கிப் போட்டான். வயலின் போயிற்று, தங்க எழுத்து போயிற்று, கறுப்பு போயிற்று. மிளகின் படத்துக்குக் கீழேயே போன் நம்பரும் நேரமும் வைத்தான். அதற்கும் கீழே டாக்டரின் கேள்விகள், அவர் கேட்ட வார்த்தைகளிலேயே. பதில்களை அக்கா சாணம் அள்ளிக்கொண்டே சொல்லச் சொல்ல அப்படியே அடித்தான். கடைசியில் 'எங்களைப் பற்றி' மட்டும் பாக்கி. நாலு நாளாகத் தள்ளிப்போட்ட வேலை.

"என்னத்தைச் சொல்றது?" என்றாள். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தாள். "இருபது வருஷமா கத்துக்கொடுக்கறேன். மூணு தடவை விழுந்திருக்கேன். புதுசா ஏறறவங்க பக்கத்துல நான் இல்லாம எங்க குதிரை ஒரு அடி எடுத்து வைக்காது. போதுமா?"

போதும் என்றான். அப்பாவின் பதினெட்டுப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துச் சேர்த்துக்கொண்டான், இந்த லாயத்தின் முதல் குதிரையைப் பற்றியது.

மணி இரண்டரை. இனி அந்த ஆறு இலக்கம் வந்தால்தான் வேலை நடக்கும். நான் பேசட்டுமா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்று அக்காவே போனை எடுத்தாள். அவனைப் பக்கத்தில் இருக்கச் சொன்னாள். பிறகு போகச் சொன்னாள். பிறகு வாசலோடு நில் என்றாள்.

இரண்டாவது மணியிலேயே அவர் எடுத்தார். "சொல்லு." பின்னால் ஒரு குதிரை கனைத்தது. அது எந்தக் குதிரை என்று அவளுக்குத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அவள் வளர்த்தது.

"உங்க போனுக்கு இப்ப ஆறு நம்பர் வரும். அதைச் சொல்லுங்க."

எதற்கு என்று கேட்பார், இழுத்தடிப்பார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வந்ததும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் உரக்கத் திருப்பிச் சொல்ல, தம்பி அடித்தான். திறந்துகொண்டது. சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு அந்தச் சுமுகமே எரிச்சலாக இருந்தது.

"மேப்பை நாங்க மாத்திக்கறோம்," என்றாள். "ரெண்டு மாசம் ஆச்சு."



"மாத்தினது நான்தான். ஆனா நானா மாத்தலை," என்றார். "உங்கப்பா இங்க வந்து கேட்டுக்கிட்டார். உன்கிட்ட சொல்லிட்டுத்தான் கேக்கறார்னு நினைச்சேன்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

மூன்று பத்துக்குத் தம்பி நிமிர்ந்தான். ஏறிவிட்டது என்றான். லாயத்துக்குள் நின்றே திறந்து பார்க்கச் சொன்னான். கை பட்டதும் திறந்தது. மிளகு சோம்பலாக நின்றது. சிவப்புப் புள்ளி சொந்த வாசலுக்குத் திரும்பி வந்திருந்தது. நன்றாக இருக்கிறது என்றாள் அக்கா. தம்பிக்கு உப்புச்சப்பில்லாமல் ஒலித்தது. ஏதாவது குறை இருந்தால் சொல்லிவிடு என்றான். இதில் குறை இல்லை என்று சொல்லிவிட்டு, குதிரைகளுக்குச் சாயங்காலத் தீவனம் வைத்து முடித்து, நாலரைக்குத்தான் பின்பக்கம் நடந்தாள்.

அப்பா தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து மூன்றாவது தடவை.

"மேப்பை மாத்தச் சொன்னது நீங்களா?"

தேய்க்கிற கை நின்றது. பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஆமா," என்றார்.

பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார், தொட்டியைப் பார்த்தபடியே. விடியுமுன் எழுந்து ஆறு குதிரையையும் அவள் ஒருத்தியே பார்க்கிறாள். வலது தோளைத் தூக்க முடியவில்லை, அதை யாரிடமும் சொல்லாமல் இடது கையால் சேணம் தூக்குகிறாள். ஜன்னலிலிருந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்து என்றால் அவள் நிறுத்த மாட்டாள். புதிதாக ஆட்கள் வராமல் இருந்தால் அவளே ஒருநாள் போதும் என்பாள், மாப்பிள்ளையோடு பேசி இரண்டு லாயமும் மறுபடி ஒன்றாகிவிடும், அவளும் கொஞ்சம் உட்காருவாள். இப்படிக் கணக்குப் போட்டிருந்தார்.

அக்கா முழுசாகக் கேட்டாள்.

"என்மேல ஏதோ தப்புன்னு நினைச்சேன்பா," என்றாள். "ரெண்டு மாசமா. வர்றேன்னு சொன்னவங்க வராதப்ப எல்லாம், நான் போன்ல பேசின விதம் சரியில்லையோ, என்னைப் பத்தி யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களோன்னு. நீங்க பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

 குழாயிலிருந்து தண்ணீர் தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்தது. இருவருமே அதை மூடவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் அப்பா கடைசியில். "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை இங்க வர்றார். பேசி முடிச்சுக்கலாம்னு நான்தான் வரச் சொன்னேன். போன வாரமே."

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். இந்த வீட்டில் தன்னைக் கேட்காமல் இன்னும் எத்தனை ஏற்பாடு ஆகியிருக்கிறது என்று கேட்கத்தான் போனாள். அதற்குள் போன் அடித்தது.

உடற்கல்வி டீச்சர். குழு இரண்டு பக்கங்களையும் பார்த்துவிட்டதாம். அந்த லாயத்தின் பக்கம் பிரமாதமாக இருக்கிறது என்று சிலர் சொன்னார்களாம். உங்கள் பக்கத்தைப் பார்த்த பிறகு பயம் போயிற்று என்று வேறு சிலர். முடிவுக்கு வர முடியவில்லை. நாளை மூன்று பேர் நேரில் வந்து பார்க்கிறோம், முதலில் உங்களிடம், பத்து மணிக்கு, வசதிப்படுமா என்று கேட்டார்.

"வாங்க," என்றாள் அக்கா. எத்தனை பேர், மிளகைத் தயாராக வைக்கட்டுமா என்பதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வைத்தாள்.

குனிந்து குழாயை மூடினாள். இடது கையால்தான்.

"மாப்பிள்ளைகிட்ட வேண்டாம்னு சொல்லிடறேம்மா," என்றார் அப்பா. "இப்பவே சொல்லிடறேன்."

"வேண்டாம்னு சொல்லாதீங்க. வரட்டும். ஆனா ஒன்பது மணிக்கு இல்ல. பத்து மணிக்கு வரச் சொல்லுங்க."

"பத்துக்கா? பள்ளிக்கூடத்துக்காரங்க வர்ற நேரமாச்சே."

"ஆமா," என்றாள் அக்கா. "இது யார் நடத்தற லாயம்னு அவரும் நின்னு பார்க்கட்டும்."